குலக்கல்வித் திட்டம்

குலக்கல்வித் திட்டம் என்பது முதலமைச்சர் ராஜாஜி 1953 ஜூனில் சென்னை மாநிலத்தின் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தத்துக்கு எதிர்ப்பாளர்கள் இட்ட பெயர். இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் கொள்ளேகால் வட்டம், அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. எனவே அப்பகுதியும் இந்தத் திட்டத்தின் எல்லைக்குள் அடங்கியது. 1956 நவம்பர் 1இல்தான் கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போனது.

பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து ஆண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொன்னது. ஆனால் பள்ளிக்கூடங்களும் ஆசிரியர்களும் போதவில்லை, கையில் பணமும் இல்லை. ராஜாஜி கண்ட வழி, ஐந்து மணி நேர வகுப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்து, பிள்ளைகளைக் காலை, மாலை என்று இரண்டு முறையாகப் பிரிப்பது. அதே கட்டடம், அதே ஆசிரியர், இரு மடங்கு பிள்ளைகள். மிச்ச நேரத்தில் பையன்கள் தகப்பனிடம் தொழில் பழக வேண்டும். பெண்பிள்ளைகள் தாயோடு வீட்டு வேலை பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கொள்ளேகால் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே நெசவாளர் மகனுக்குத் தறி கிடைக்கும். அது சோறு போடும் தொழில். சலவைத் தொழிலாளியின் மகனுக்கோ துறைக் கல்லும் வெள்ளாவியும்தான். எந்தத் தொழிலைக் கற்பது என்பதைப் பிள்ளையும் தேர்ந்தெடுக்கவில்லை, பெற்றோரும் தேர்ந்தெடுக்கவில்லை, பிறப்பே தேர்ந்தெடுத்தது. திட்டத்தின் தீராத குறை இதுதான். கைத்தொழில் வழியே பாடம் சொல்லித்தரும் காந்தியின் ஆதாரக் கல்வியோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. அங்கே தொழில் பள்ளிக்குள் இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே இராட்டையில் நூற்றார்கள். இங்கே தொழிலைப் பள்ளிக்கு வெளியே, வீட்டு வாசலில் விட்டுவிட்டார்கள்.

பெரியாரும் தி.மு.க.வும் போராட்டத்தில் இறங்கினர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1953 ஜூலை இறுதியில், திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்குச் சட்டமன்றத்தில் 138க்கு 138 என்று வாக்குகள் சமமாக விழுந்தன. அவைத் தலைவர் சிவசண்முகம் பிள்ளை தம் வாக்கை அளிக்கவில்லை, அதனால் அது தோற்றது. ஆனால் திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவிடம் விடும் தீர்மானம் 139க்கு 137 என நிறைவேறியது. பருலேகர் தலைமையிலான அக்குழு திட்டத்தை ஆதரித்தே அறிக்கை தந்தது. அதற்குள் மக்கள் மனம் வேறு பக்கம் போய்விட்டது. 1954இல் ராஜாஜி விலகினார். ஏப்ரலில் பொறுப்பேற்ற காமராஜர், மே மாதம் திட்டத்தைக் கைவிட்டார். பள்ளி நேரத்தைக் குறைக்காமல் பள்ளிகளைப் பெருக்குவதே அவர் அரசு எடுத்த பாதை. மதிய உணவும் அதன் பின்னரே வந்தது.

இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. மத்திய அரசு 2023இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தைக் குலத்தொழிலைத் தொடரச் செய்வது என்று கூறித் தமிழ்நாடு ஏற்க மறுத்தது. சாதிப் பாகுபாடில்லாமல் கைவினைஞர்கள் அனைவருக்குமாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது.