மெல்லப் பிரிந்தால் வளரும் எலும்பு

எலும்பை உயிரற்ற தூணாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். உடலைத் தாங்குவது, முறிந்தால் கூடுவது, நாம் மறைந்த பின்னும் எஞ்சுவது. இந்த எண்ணம் எவ்வளவு குறையுடையது என்பதைக் கீழ்த்தாடையின் அறுவை வரலாறு காட்டுகிறது.

பிறக்கும்போது கீழ்த்தாடை இரு பாதிகளாக இருக்கிறது. முதல் ஆண்டிலேயே மோவாயின் நடுவில் அவை இணைந்து ஒரே எலும்பாகிவிடுகின்றன. அண்ணத்தின் நடுப்பொருத்து அப்படியன்று. பதின்வயதில்கூட அதை விலக்க முடியும். அதனால்தான் 1860இலேயே எமர்சன் ஏஞ்சல் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவரால் ஒரு திருகின் துணைகொண்டு மேல்தாடையை அகலப்படுத்த முடிந்தது. கீழ்த்தாடைக்கு அவ்வழி இல்லை. குறுகிய தாடையில் பற்கள் நெருக்கியடித்தால், சிலவற்றைப் பிடுங்கி இடம் உண்டாக்குவதே வழக்கமாயிற்று.

மாற்று வழி கால் எலும்பிலிருந்து வந்தது. 1905இல் இத்தாலியின் கொடிவில்லா, குட்டையான காலின் எலும்பை வெட்டி, இழுத்து நீட்டிய தம் முயற்சிகளை வெளியிட்டார். ஆனால் வலிந்து இழுத்ததில் தொல்லைகளும் மிகுந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின், மேற்குச் சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய இலிசாரோவ், வேகமே சிக்கல் என்பதைக் கண்டறிந்தார். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர். அதையும் நான்கு பங்காகப் பிரித்து விலக்க வேண்டும். விரைந்தால் இடைவெளியில் எலும்பு உருவாகாமல் நாரிழையே நிறையும். தாமதித்தால் வெட்டிய முனைகள் முன்னரே ஒட்டிக்கொள்ளும். சரியான வேகத்தில் பிரியும்போது, இழுவிசையின் திசையிலேயே நார்கள் அணிவகுத்து, இரு கரைகளிலிருந்தும் நடுவை நோக்கிப் புதிய எலும்பு படிகிறது.

சோவியத் எல்லைக்குள்ளேயே பல்லாண்டுகள் இருந்த இம்முறை, 1981இல் அவர் இத்தாலியில் உரையாற்றிய பிறகே மேற்குலகில் பரவியது. தாடையில் இக்கருத்தை ஸ்னைடர் 1973இலேயே நாயிடம் சோதித்திருந்தார். 1990இல் வெனிசுவேலாவின் கெரேரோ மனிதக் கீழ்த்தாடையை நடுவில் பிரித்து அகலப்படுத்தியதை வெளியிட்டார். 1992இல் நியூயார்க்கின் மெக்கார்த்தி, குழந்தைகளின் தாடையை நீட்டியதை அறிவித்தார்.

முன்பற்களின் நடுவே எலும்பை வெட்டிக் கருவியைப் பொருத்துகிறார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் எதுவும் செய்வதில்லை. பிறகு நாள்தோறும் திருகுகிறார்கள். போதிய அகலம் வந்தபின், புதிய எலும்பு இறுகுவதற்காகச் சில மாதங்கள் கருவியை அப்படியே விட்டுவைக்கிறார்கள்.

எல்லோருக்கும் இது ஏற்றதன்று. அறுவைக்குரிய இடர்கள் இதற்கும் உண்டு. எனினும், குழந்தைப் பருவத்திலேயே மூடிவிட்ட ஒரு பொருத்தை மீண்டும் வளரச் செய்ய முடிகிறது. மருத்துவரின் பங்கு வெட்டுவதும் வேகத்தை அளப்பதும் மட்டுமே. எலும்பை ஆக்குவது உடல்தான்.