பெயரொற்றுமையும் மடத்தின் நலனும்: மூன்று தியோனீசியஸ்கள்

ஆதிக் கிறிஸ்தவ வரலாற்றில் தியோனீசியஸ் என்னும் பெயர் பலருக்குரியது. அவர்களுள் மூவர் ஒருவராக்கப்பட்ட வரலாற்றை நாம் ஈண்டு நோக்குவோம்.

முதலாமவர், அதென்ஸ் நகரிற் பவுலின் போதனையால் மதம் மாறியவரென அப்போஸ்தலர் பணி கூறுபவர். இரண்டாமவர், மூன்றாம் நூற்றாண்டிற் பாரிஸில் உயிர்த்தியாகஞ் செய்த ஆயர். இவர் பெயர் பிரெஞ்சு மொழியிலே தெனி எனத் திரிந்தது. மூன்றாமவர், ஏறத்தாழக் கி.பி. 500இல் தம் இயற்பெயரை மறைத்து, முதலாமவரின் பெயரிற் கிரேக்க இறையியல் நூல்களை இயற்றியவர்.

827இல் பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் மிக்கேல் அந்நூல்களின் பிரதியொன்றைப் பிராங்கியப் பேரரசன் லூயிக்கு அனுப்பினான். அது பாரிஸுக்கு அண்மையிலுள்ள புனித தெனி மடத்தைச் சேர்ந்தது. சில ஆண்டுகளில் மடாதிபதி ஹில்டுவின் மூவரையும் ஒருவரென எழுதினார். அரசர் பலரின் கல்லறைகளைக் கொண்ட அம்மடத்துக்குப் பவுலின் சீடரே காவலரானார்.

1121 அளவில், அம்மடத்துத் துறவியான அபெலார், பழைய வரலாற்றாசிரியர் பீடின் கூற்றைக் காட்டி இவ்வடையாளத்தை ஐயுற்றார். சக துறவிகள் அதனை மடத்துக்கும் அரசுக்கும் இழைத்த துரோகமெனக் கண்டனர். அவர் இரவிலே தப்பியோட நேர்ந்தது.

1895இல் கொக், ஸ்டிக்ல்மாயர் ஆகிய ஆய்வாளர்கள் தனித்தனியே ஆராய்ந்து, அந்நூல்கள் 485இல் மறைந்த தத்துவஞானி புரொக்ளஸின் கருத்துக்களைத் தழுவியவை என நிறுவினர். முதலாம் நூற்றாண்டினர் அவற்றை இயற்றியிருத்தல் இயலாதென்பது இதனாற் பெறப்பட்டது.

முதலிருவரின் பெயரொற்றுமை தற்செயலானது. அதனை உண்மையென நிலைநிறுத்தியதோ ஒரு நிறுவனத்தின் நலன். எனவே, மரபொன்றின் தொன்மையை மட்டுமன்றி, அதனாற் பயன்பெற்றோர் யாவர் என்பதையும் வினவுதல் நம் கடனாகும்.