மினமாட்டா தந்த பாடம்

மஸ்கெலியா மலைச்சாரலுக்குக் கடல் வெகு தொலைவு. எனினும் நெத்தலிக் கருவாட்டையும் டின் மீனையும் அறியாத தோட்டத்து அடுப்பு இல்லை எனலாம். மீன் எளியோருக்கும் கிடைக்கும் நல்லுணவு. அந்நல்லுணவே ஓர் ஊரில் நஞ்சாக மாறிய வரலாற்றை மலைநாட்டாரும் அறிந்திருத்தல் நலம்.

யப்பான் நாட்டின் கியூஷு தீவில் மினமாட்டா என்னும் கடற்கரையூர் உண்டு. அங்கே சிசோ நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலை 1932ஆம் ஆண்டு முதல் தன் உற்பத்தியொன்றுக்குப் பாதரசத்தைப் பயன்படுத்தியது. அதன் கழிவு விரிகுடாவிற் கலந்தது. கழிவிலிருந்த மெதையில் பாதரசம் நீர்வாழ் நுண்ணுயிர்களிற் சேர்ந்தது. அவற்றைச் சிறு மீன்கள் உண்டன. சிறு மீன்களைப் பெரு மீன்கள் உண்டன. இவ்வாறு படிக்குப் படி நஞ்சு செறிந்தது.

முதலிற் பூனைகள் தள்ளாடி, வலிப்புற்று மடிந்தன. பின்னர் மனிதரின் கைகால்கள் மரத்தன, பார்வை குறுகிற்று, பேச்சுக் குழறிற்று. நலமாகத் தோன்றிய தாய்மாரும் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளை ஈன்றனர். 1956 மே 1ஆந் திகதி, தொழிற்சாலை வைத்தியசாலையின் தலைமை வைத்தியர் ஹொசொகாவா ஹஜிமே இந்நோயைச் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். 1959இல் குமமொட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் சேதனப் பாதரசமே காரணம் என்றனர்.

அவ்வாண்டே ஹொசொகாவா ஆலைக் கழிவைப் பூனையொன்றுக்கு உணவுடன் ஊட்டினார். அதுவும் அதே நோய்க்கு ஆளாயிற்று. நிறுவனமோ அம்முடிவை வெளியிடவில்லை. 1968 வரை அவ்வுற்பத்தி நிற்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே ஆலைக் கழிவே காரணம் என அரசாங்கம் அறிவித்தது. 1970இல் ஹொசொகாவா நோய்ப்படுக்கையிலிருந்தவாறே உண்மையைச் சாட்சியமாகக் கூறினார். 1973இல் நீதிமன்றம் நிறுவனமே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தது. உண்மை தெரிந்தும் வாய்மூடியிருந்த ஆண்டுகளுக்கு விலை கொடுத்தோர் மீனவக் குடும்பத்தினரே.

இதனால் மீனை அஞ்சி ஒதுக்க வேண்டுவதில்லை. நெத்தலி, சூடை போன்ற சிறு மீன்களிற் பாதரசம் பொதுவாகக் குறைவு. சுறா, வாள்மீன் போன்ற பெரு மீன்களில் அது மிகுதி; சமைப்பதால் அது நீங்குவதுமில்லை. ஆகவே கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சிறுவரும் அவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

மினமாட்டாவின் பெயரால் அமைந்த பாதரசக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் இணைந்துள்ளது. இக்கடமை கரையோரத்தாருக்கு மட்டும் உரியதன்று. மஸ்கெலிய ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கையாகிக் கொழும்பருகே கடலை அடைகின்றன. மலையில் ஓடையில் எறியப்படும் பழைய பற்றரியும் உடைந்த வெப்பமானியும் அவ்வழியே செல்லக்கூடியவை. மலைநாட்டார் உண்ணும் மீன் வாழ்வதும் அக்கடலிலேதான்.