சுமை மாற்றிய ஊர்: மரீயின் மரபுச் சிறப்பு

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் சென்றால் மரீ என்னும் சிற்றூர் வரும். ஆண்டு முழுவதும் 160 மில்லிமீட்டர் அளவே மழை காணும் வறண்ட நிலம் அது. அங்கே சுரங்கம் இல்லை, விளைநிலம் இல்லை. ஒரு வாகனத்திலிருந்து இன்னொரு வாகனத்துக்குச் சுமையை மாற்றித் தருவதே அவ்வூரின் பிழைப்பாக இருந்தது. மரபுச் சிறப்பு என்றதும் கோபுரத்தையும் கோட்டையையும் தேடும் கண்ணுக்கு மரீ ஏமாற்றமே தரும். வழியையும் வழிநடந்த மனிதர்களையும் வரலாறாகக் கொள்வோர்க்கோ அது பெருஞ்செல்வம்.

அந்த வழியைக் கண்டவர்கள் அரபானா, தியரி முதலிய பழங்குடி மக்கள். நிலத்தடிப் பெரும்படுகையின் நீர் தானே மேலெழுந்து கசியும் ஊற்றுகள் அப்பகுதியில் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றைத் தொட்டுத் தொட்டுத்தான் அம்மக்கள் நெடுந்தொலைவு நடந்தார்கள். செங்காவி போன்ற பொருள்கள் கைமாறின. 1859இல் ஆய்வுப்பயணி ஜான் மக்டூவல் ஸ்டூவர்ட் இந்த ஊற்றுவரிசையைப் பின்பற்றியே வடக்கு நோக்கிச் சென்றார். அவர் குழுவில் இருந்த ஹெர்கட் என்பவரின் பெயரால் இவ்வூர் முதலில் ஹெர்கட் ஸ்பிரிங்ஸ் எனப்பட்டது. 1872இல் முடிந்த தந்திக் கம்பித்தடமும், பின்னர் ரயில் பாதையும் அந்த நீர்வழியைச் சார்ந்தே போயின. ‘கண்டுபிடித்தோம்’ என்று பிறர் எழுதிவைத்த வழி, தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்த வழிதான்.

1883இல் ஊர் அளந்து மனை பிரிக்கப்பட்டது. மறு ஆண்டே ரயில் வந்தது. 1891இல் ஊட்னடாட்டாவுக்கும், 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் அப்பாதை நீண்டது. வடகிழக்கே பேர்ட்ஸ்வில் வரை 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மண்தடம் தனியே பிரிந்தது. குயின்ஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்களிலிருந்து மாட்டு மந்தைகளை அத்தடத்தில் வாரக்கணக்கில் ஓட்டிவந்து மரீயில் ரயிலேற்றுவார்கள். எதிர்த்திசையில் மாவும் தேயிலையும் சர்க்கரையும் கம்பிச்சுருளும் போயின.

அவற்றைச் சுமந்தவை ஒட்டகங்கள். தாமஸ் எல்டர் என்பவர் கராச்சியிலிருந்து தருவித்த நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் 1866ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர்ட் அகஸ்டாவில் இறங்கின. அவற்றோடு வந்தவர்களையும் பின்வந்தவர்களையும் ‘ஆப்கானியர்’ என்று ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள். உண்மையில் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப், பெஷாவர் எனப் பல இடத்தவர் அவர்கள். பெரும்பகுதியினர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமக்கள். தண்டவாளத்தின் ஒருபுறம் வெள்ளையர் குடியிருப்பும், மறுபுறம் ஒட்டகக்காரர்களும் பழங்குடியினரும் வாழ்ந்த பகுதியும் இருந்தன. இறந்த பிறகும் இடுகாட்டில் அந்தப் பிரிவினை தொடர்ந்தது. மண்சுவரும் கூரையுமாக ஒட்டகக்காரர்கள் எழுப்பிய தொழுகைக்கூடம் ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்று. அவர்கள் நட்ட பேரீச்ச மரங்கள் ஊருக்கு நிழல் தந்தன. ஆனால் நாட்டின் சட்டம் அவர்களை ஏற்கவில்லை: 1903ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசியாவில் பிறந்தோர் குடியுரிமை பெற விண்ணப்பிக்கவே முடியாது.

பேஜா தர்வேஷ் என்ற பலூச்சியரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1896இல் மேற்குப் பாலையைக் கடந்த கால்வர்ட் ஆய்வுப்பயணத்தில், தாகத்தால் சாகக் கிடந்த நிலையிலும் ஒட்டகங்களைக் காத்துக் கொண்டு சேர்த்தவர் அவர். தலைவர் லாரன்ஸ் வெல்ஸ் நன்றியாகத் தம் திசைகாட்டியையே அவருக்கு அளித்தார். பின்னர் மரீயில் குடியேறிய பேஜா, தம் முதுமையில், 1954இல் வெளிவந்த ‘தி பேக் ஆஃப் பியாண்ட்’ ஆவணப்படத்திலும் தோன்றினார். பேர்ட்ஸ்வில் தடத்தில் மணல்மேடுகளையும் வெள்ளத்தையும் தாண்டித் தபால் கொண்டுசென்ற லாரி ஓட்டுநர் டாம் குரூஸ்தான் அப்படத்தின் நாயகர். ஒட்டகக் காலமும் லாரிக் காலமும் அப்படத்தில் ஒன்றாகப் பதிவாகிவிட்டன.

பேஜா மறைந்த 1957இல் தெற்கிலிருந்து 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள ரயில் பாதை மரீக்கு வந்தது. வடக்கே சென்றதோ பழைய 1067 மில்லிமீட்டர் பாதை. மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்தித்த நம் பழைய நிலையங்களை அறிந்தவர்களுக்கு, பயணியும் பெட்டியும் மூட்டையும் மாறும் அந்தப் பரபரப்பு விளங்கும். ஆனால் மாட்டு வணிகம் பெரும் லாரிகளுக்குப் போனது. 1980இல் டார்கூலா வழியே ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் புதுப்பாதை திறந்ததும் அவ்வூருக்குச் சென்றுவந்த ‘கான்’ என்னும் பழைய ரயில் மரீ வழியே ஓடுவது நின்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தெற்கிலிருந்து வந்த 1435 மில்லிமீட்டர் பாதையும் மூடப்பட்டது.

இன்று கல்லால் கட்டிய இரண்டடுக்கு ஓட்டலும், நிலையத்தருகே துருவேறும் டீசல் எஞ்சின்களும் பயணிகளின் கண்ணில் முதலில் படுகின்றன. பழைய தொழுகைக்கூடத்தின் மாதிரியொன்றும் ஊருக்குள் அமைத்திருக்கிறார்கள். அது நல்ல செயலே, எனினும் போதாது. கல்லால் கட்டியவை நிலைத்தன, மண்ணால் கட்டியவை கரைந்தன என்பதற்காக ஒரு சாராரின் வரலாறு சிறுத்துவிடலாகாது. மரீயைக் காக்க முனைவோர் தண்டவாளத்தின் மறுபுறத்திலிருந்து பணியைத் தொடங்கட்டும்: அடித்தளச் சுவடுகளையும் பேரீச்ச மரங்களையும் அளந்து பதிவு செய்யட்டும்; ஒட்டகக்காரர்களின் வழித்தோன்றல்களிடமும் அரபானா மூத்தோரிடமும் கேட்டு எழுதட்டும்.