இருபத்திரண்டா, இருபத்து நான்கா? – ஓர் அலகின் வரலாறு

ஆலய வழிபாட்டில் இசைக்கு உள்ள இடம் யாவரும் அறிந்ததே. நாகசுரமும் ஓதுவாரின் பண்ணிசையும் இல்லாத திருவிழாவை நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாது. எனினும், அவ்விசைக்கு அடிப்படையாக அமைந்த சுருதிகள் எத்தனை, அவற்றுக்கு எவ்வாறு பெயரும் எண்ணும் வழங்கப்பெற்றன என்ற வினாவைச் சுற்றி நம் முன்னோர் நிகழ்த்திய பெரும் ஆராய்ச்சியைப் பலர் அறியார். செவிக்கு அரிதாகவே புலப்படும் ஒரு சிறு இடைவெளியைப் பற்றிய வரலாறு அது.

பழம்பெரும் கணக்கு

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன தமிழிசையின் ஏழு நரம்புகள். இவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகள் வகுத்தனர் பண்டை இசை நூலோர். கூட்டுத்தொகை 22 ஆகும். வடமொழியில் பரதர் இயற்றிய நாட்டிய சாத்திரமும் 22 சுருதிகளையே கூறுகின்றது.

பரதர் சுருதியின் அளவை எண்ணால் கூறவில்லை, செவியால் காட்டினார். ஒரே வகையில் சுருதி கூட்டிய இரண்டு வீணைகளை எடுத்து, ஒன்றை மாற்றாது வைத்து, மற்றொன்றில் பஞ்சமத்தை மட்டும் சிறிதளவு இறக்குமாறு பணித்தார். அந்தச் சிற்றளவே 'பிரமாண சுருதி' எனப் பெயர் பெற்றது. பிரமாணம் என்றால் அளவுகோல். ஏனைய இடைவெளிகளை அளப்பதற்குச் சிறியதோர் இடைவெளியையே கோலாகத் தேர்ந்தெடுத்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

கோமா என்னும் சிற்றிடைவெளி

பிற்கால ஆய்வாளர் இப்பிரமாண சுருதியை 81/80 என்னும் விகிதமாகக் கணித்தனர். சட்சத்திலிருந்து பஞ்ச முறையாக நான்கு முறை ஏறி, இரண்டு மண்டிலம் கீழிறங்கினால் 81/64 என்னும் காந்தாரம் கிட்டும். தம்புராவின் மந்தர நரம்பிலிருந்து தானாகவே எழும் அந்தர காந்தாரமோ 5/4, அதாவது 80/64. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடே 81/80. கிரேக்கர் வழிவந்த மேலைநாட்டார் இத்தகைய சிற்றிடைவெளியைக் 'கோமா' என்பர். வெட்டுத்துண்டு என்பது அச்சொல்லின் பொருள். ஒரு மண்டிலத்தை 1200 சென்ட்டாகப் பகுக்கும் எல்லிஸ் என்பாரின் 1885-ஆம் ஆண்டு முறைப்படி இதன் அளவு ஏறத்தாழ 21.5 சென்ட்.

இவ்விளக்கத்தின்படி நான்கு அலகு என்பது 9/8; மூன்று அலகு என்பது 10/9; இரண்டு அலகு என்பது 16/15. நான்கு அலகுக்கும் மூன்று அலகுக்கும் உள்ள வேறுபாடு சரியாக 81/80 ஆகும். ஆதலின் இருபத்திரண்டு அலகுகளும் ஒரே அளவின அல்ல. ஏறத்தாழ 22 சென்ட் அளவுடையன பத்து. 71 சென்ட் அளவுடையன ஐந்து. 90 சென்ட் அளவுடையன ஏழு.

துருக்கியரும் கோமாவைக் கொண்டே தம் சுரங்களுக்குப் பெயரிட்டனர். 20-ஆம் நூற்றாண்டில் அரெல், எஸ்கி முதலியோர் வகுத்த முறையில் ஒரு முழுச்சுரம் ஒன்பது கோமாக்களைக் கொண்டது. மண்டிலம் முழுவதற்கும் 53 கோமாக்கள்.

தஞ்சைப் பெரியாரின் மறுப்பு

இந்த 22 சுருதிக் கணக்கை மறுத்து எழுந்தவர் தஞ்சை மு. ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). சித்த மருத்துவராக விளங்கிய இப்பெருமகனார் 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். 1916-இல் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் கொள்கையை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார்.

வட்டப்பாலையில் பன்னிரண்டு இராசிகளுக்கும் இவ்விரண்டு அலகாக 24 அலகுகளே உள்ளன என்பதும், கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடும் வழக்கத்தால் 22 எனத் தோன்றியது என்பதும் அவர் முடிபு. அவர் வாதத்தில் வலிமை உண்டு. 22 அலகுகளையும் சமமாகப் பகுத்தால், பதின்மூன்றாம் அலகில் நிற்கும் இளி 709 சென்ட்டாக உயர்ந்து, 702 என்னும் இயற்கை அளவினின்று பிறழும். 24 சம அலகுகளில் பதினான்காம் அலகு 700 சென்ட்டில் நிற்கும். பிழை இரண்டே சென்ட். ஆனால் மூன்றலகும் நான்கலகும் ஒன்றாகிவிடுதலின், கோமா அங்கே மறைந்துபோகின்றது.

ஆகவே இருபத்திரண்டா, இருபத்து நான்கா என்ற வழக்கு வெறும் எண்ணிக்கை வழக்கு அன்று. அச்சிற்றிடைவெளிக்குத் தனியாக ஒரு பெயர் வேண்டுமா, வேண்டாவா என்பதே அதன் உட்பொருள்.

ஆலயத்தில் அரங்கேறிய நூல்

மட்டக்களப்புக்கு அணித்தான காரைதீவில் 1892-இல் தோன்றிய விபுலாநந்த அடிகளார் தமிழோடு அறிவியலும் கற்றவர். பண்டை யாழ்களின் நரம்புகளைக் கணிதத்தால் ஆராய்ந்து அவர் இயற்றிய 'யாழ்நூல்' 22 அலகு முறைக்கு எண்விளக்கம் தந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947-ஆம் ஆண்டு சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகளார் இறைவனடி சேர்ந்தார். இசையளவை பற்றிய நூலொன்று இறைவன் சந்நிதியில் அரங்கேறியமை நாம் எண்ணிப் பெருமிதம் கொள்ளத்தக்கது.

நம் கடமை

1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. நிலைத்த சுரங்களையுடைய கருவி நம் இசையின் நுட்பங்களைக் காட்டாது என்பதே அன்று கூறப்பட்ட காரணம். இன்று நம் இல்லங்களில் உள்ள மின்விசைப்பலகையும் மண்டிலத்தைப் பன்னிரண்டு சம கூறாகவே பகுக்கின்றது. அதன் காந்தாரம் 400 சென்ட். தம்புராவில் தானாக எழும் காந்தாரமோ 386. அக்கருவியை மட்டும் துணைக்கொண்டு பண் பயிலும் குழந்தையின் செவி அந்தப் பதினான்கு சென்ட் வேறுபாட்டை ஒருநாளும் அறியாது போகலாம்.

கருவியை வெறுக்க வேண்டுவதில்லை. வாரம் ஒரு நாளேனும் குழந்தைகளைத் தம்புராவின் முன் அமர்த்தி, கண்மூடிக் கேட்கச் செய்தல் போதும். பரதரும் பண்டிதரும் அடிகளாரும் எண்ணிக்கையில் வேறுபட்டனர். ஆயினும் மூவரும் முதலில் செவி சாய்த்தவர்கள். அச்செவிச் செல்வத்தை அடுத்த தலைமுறைக்கு அளிப்பது நம் பொறுப்பாகும்.