ஒரு வழி அடைத்தால் மறு வழி

நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே நோக்கினால், கொல்லிமலை வானத்தை மறித்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாக மலையேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மழைக்காலத்தில் பாறை உருண்டோ மரம் சாய்ந்தோ இப்பாதை அடைபட்டால் என் செய்வது? முள்ளுக்குறிச்சி வழியாக மலைக்கு மற்றொரு பாதை இருக்கிறது. சேந்தமங்கலத்தாருக்கு அது சுற்று வழிதான். ஆயினும் மலை மேலுள்ளவர்களுக்கு அரிசியும் மருந்தும் போய்ச் சேர, அந்தச் சுற்று வழி உயிர் வழியாகிவிடும்.

இனி, சேந்தமங்கலம் கடைவீதியில் ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மிளகு விற்ற பணத்தை எடுக்க மலையிலிருந்து முதியவர் ஒருவர் பேருந்தில் இறங்கி வந்திருக்கிறார். கைரேகை வைத்தாயிற்று. கணிப்பொறித் திரையில் ஒரு சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. “லைன் இல்லை ஐயா, நாளைக்கு வாங்க” என்கிறார் எழுத்தர். ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போயின. எங்கோ ஒரு பள்ளம் தோண்டியவரின் கடப்பாரை, கண்ணாடி இழைக் கம்பி ஒன்றை அறுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

“இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு இணைப்புகள் வாங்கி வைத்தால் தீர்ந்தது!” என்று நீங்கள் சொல்லக்கூடும். சரியான எண்ணமே. ஆனால் இரண்டு கம்பிகள் இருப்பது வேறு. இரண்டு வழிகள் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைச் செய்தித்தொடர்புத் துறை 160 ஆண்டுகளாகப் பட்டுப் பட்டுத்தான் கற்றது. அந்தக் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

லண்டனுக்கு மூன்று வழிகள்

இந்தியாவில் மின் தந்திக்கு அடிகோலியவர் ஓஷானசி என்னும் மருத்துவர். கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களை இணைத்த தந்தி, 1855-ஆம் ஆண்டில் பொதுமக்களின் பயனுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால் இங்கிலாந்துக்குச் செய்தி அனுப்ப அப்போதும் கப்பலைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

சூயஸிலிருந்து செங்கடல் வழியாகக் கராச்சி வரை கேபிள் போடும் முயற்சி 1859-60-இல் நடந்தது. பகுதி பகுதியாகக் கேபிள் பழுதுற்றது. முழு வழியிலும் அது ஒருநாளும் பயன்படவில்லை. பிரிட்டிஷ் அரசோ அந்த நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 36,000 பவுன் வீதம் 50 ஆண்டுகள் கொடுப்பதாக உறுதி அளித்திருந்தது! ஒரே வழியை நம்பி முதலிட்டதன் முதற் பாடம் அது.

அடுத்து, பாரசீக வளைகுடாவில் 1864-இல் கேபிள் இடப்பட்டது. அங்கிருந்து துருக்கி நாட்டுத் தரைக்கம்பிகள் வழியாக 1865-இல் ஐரோப்பாவுக்குத் தொடர்பு கிடைத்தது. பல மொழி எழுத்தர்களின் கைமாறி வந்த தந்திகள் நாட்கணக்கில் தாமதமாயின. வந்து சேர்ந்தபோது சொற்கள் சிதைந்தும் இருந்தன.

ஆகவே மேலும் வழிகள் தேடப்பட்டன. ஜெர்மனி, ரஷ்யா, பாரசீகம் வழியாக சீமென்ஸ் சகோதரர்கள் அமைத்த தரைவழித் தந்தி 1870-இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் நடந்த செயல்விளக்கத்தில், லண்டனிலிருந்து புறப்பட்ட செய்தி 28 நிமிடங்களில் கல்கத்தாவை எட்டியது. அதே 1870-இல், ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்னும் மாபெரும் கப்பல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடலடிக் கேபிளைப் போட்டது. அது சூயஸ் வரை நீண்டது. இங்ஙனம் லண்டனுக்குத் துருக்கி வழி, ரஷ்ய வழி, கடல்வழி என மூன்று வழிகள் அமைந்தன. நம் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1871-இல் ஒரு கேபிள் சென்றது. அது கிழக்கு நோக்கிய வாசல்.

முதல் உலகப் போர் 1914-இல் மூண்டபோது ஜெர்மனி வழியாக வந்த தரைக்கம்பி நின்றுபோயிற்று. கடல்வழிக் கேபிள் தொடர்ந்து பணி செய்தது. மாற்று வழியின் அருமை அன்று விளங்கியது.

எம்டன் கற்பித்த பாடம்

‘எம்டன்’ என்ற சொல்லை அறியாத தமிழர் உண்டோ? கெட்டிக்காரனையும் அஞ்சத்தக்கவனையும் “அவன் ஒரு எம்டன்” என்கிறோம். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் அது.

அந்தக் கப்பலின் முடிவு பலருக்குத் தெரியாது. அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், இந்துமாக்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளுக்கு எம்டன் சென்றது. அங்கே ஒரு கேபிள் நிலையம் இருந்தது. அதன் கேபிள்களை அறுத்துச் செய்தித்தொடர்பைக் குலைப்பதே நோக்கம். வீரர்கள் கரையேறினர், கேபிளை வெட்டினர், கம்பியில்லாத் தந்திக் கோபுரத்தையும் சாய்த்தனர். ஆனால் கப்பலைக் கண்ட மாத்திரத்திலேயே நிலையத்தார் கம்பியில்லாத் தந்தி மூலம் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டனர். அதைப் பெற்ற ‘சிட்னி’ என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் விரைந்து வந்தது. எம்டன் அன்றே அழிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது என்ன? அந்தத் தீவில் இருந்தவை ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு இணைப்புகள் அல்ல. ஒன்று கடலடியில் செல்வது. மற்றொன்று வானில் செல்வது. கத்தியால் கேபிளை வெட்டலாம். வானில் பரவிவிட்ட செய்தியை வெட்ட முடியாது.

ஏழு இணைப்பு, ஒரே கேபிள்

1960-களில் அமெரிக்காவின் பால் பாரன் என்னும் பொறியாளர் ஒரு கேள்வி எழுப்பினார். போரில் பல நிலையங்கள் அழிந்தாலும் எஞ்சியவை தமக்குள் பேசிக்கொள்ளத்தக்க வலையை எப்படி அமைப்பது? மையம் ஒன்றை வைத்து எல்லாக் கம்பிகளையும் அதில் கொண்டுபோய் முடிப்பது ஆபத்து. மீன்வலையைப் போல ஒவ்வொரு முடிச்சையும் பக்கத்து முடிச்சுகளோடு பின்ன வேண்டும். செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு பொட்டலமும் திறந்திருக்கும் வழியில் போய்ச் சேரும். முடிச்சு ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு இணைப்புகள் இருந்தாலே வலை மிக உறுதியாக நிற்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் என்பாரும் தனியே இதே கருத்தை அடைந்தார்.

இக்கருத்தில் எழுந்த ‘அர்ப்பாநெட்’ வலையில் 1969 அக்டோபர் 29-ஆம் நாள் முதற்செய்தி சென்றது. இன்றைய இணையத்தின் தாய் இதுவே. ஒவ்வொரு நிலையத்திலும் பொட்டலங்களை வாங்கி வழி பார்த்து அனுப்பிய பொறியின் வழித்தோன்றல்தான், இன்று நம் மேசையில் இருக்கும் ரௌட்டர்.

ஆனால் 1986 டிசம்பர் 12-ஆம் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதி முழுவதும் அர்ப்பாநெட்டிலிருந்து துண்டிக்கப்பட்டது. அப்பகுதிக்கு ஒன்றல்ல, ஏழு இணைப்புகள் இருந்தன! வரைபடத்தில் அவை ஏழு கோடுகள். ஆனால் நெவார்க், ஒயிட் பிளெயின்ஸ் என்னும் இரு ஊர்களுக்கிடையே ஏழும் ஒரே கண்ணாடி இழைக் கேபிளுக்குள் சென்றன. அது அறுந்தது, ஏழும் போயின. ஏழு பூட்டுப் போட்டும் கதவு ஒன்றுதானே!

நமக்கும் இது நேர்ந்தது. 2008 ஜனவரி 30-ஆம் நாள், எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே மத்தியதரைக் கடலில் இரண்டு பெரிய கடலடிக் கேபிள்கள் அறுந்தன. அவை வெவ்வேறு அமைப்பினருக்கு உரியவை. எனினும் இரண்டும் ஒரே கடல் மூலையைக் கடந்து சென்றன. இந்தியாவின் இணையத் தொடர்பில் ஏறத்தாழப் பாதி பாதிக்கப்பட்டது. அப்போது கைகொடுத்தது எது? கிழக்கு வாசல்! 2002-லேயே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே புதிய கண்ணாடி இழைக் கேபிள் போடப்பட்டிருந்தது. சென்னை, சிங்கப்பூர், பசிபிக் கடல் எனப் பொட்டலங்கள் உலகைச் சுற்றிச் சென்றன. 1871-இல் தந்திக்குத் திறந்த அதே திசை, 137 ஆண்டுகளுக்குப் பின் இணையத்துக்கு உதவியது.

ரௌட்டர் செய்யும் வேலை

மீண்டும் சேந்தமங்கலம் அலுவலகத்துக்கு வருவோம். இரு இணைப்புகளையும் ஏற்கும் ரௌட்டர் ஒன்றை அங்கே வைத்துள்ளதாகக் கொள்வோம். ஒரு வாயில் கண்ணாடி இழை இணைப்புக்கு. மற்றது செல்பேசிக் கோபுரத்தின் வழியே வரும் இணைப்புக்கு. முதலாவதற்கு முதலுரிமை; அது வீழ்ந்தால் இரண்டாவது. சொல்ல எளிது, செய்வதில்தான் நுட்பம்.

முதலாவது நுட்பம், வழி அடைபட்டதை அறிவது. கம்பி செருகியிருக்கும் இடத்தில் பச்சை விளக்கு எரிந்தால் இணைப்பு இருப்பதாக நினைக்கிறோம். அது, நம் ரௌட்டருக்கும் சுவரில் மாட்டிய பெட்டிக்கும் இடையிலுள்ள இரண்டு அடிக் கம்பிக்குத்தான் சான்று. நாமக்கல்லுக்குப் போகும் வழியில் கேபிள் அறுந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே ரௌட்டர், தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறிக்கு 5 விநாடிக்கு ஒருமுறை “இருக்கிறாயா?” என்று குரல் கொடுக்குமாறு அமைக்க வேண்டும். அந்தக் கணிப்பொறியே பழுதாகிவிட்டால் வீண் குழப்பம் வரும். எனவே ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வது நலம். அதோடு, முதல் வழியைச் சோதிக்கும் குரல் முதல் வழியிலேயே போக வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டும். இல்லாவிடில் அது இரண்டாம் வழியில் போய் மறுமொழி பெற்று, செத்த வழியை உயிரோடிருப்பதாகச் சொல்லிவிடும்.

இரண்டாவது, பொறுமை. ஒரு மறுமொழி தவறியதும் வழி மாறிவிடக் கூடாது. மூன்று முறை தவறினால், அதாவது 15 விநாடிக்குப் பின் மாறலாம். திரும்பி வருவதிலும் அவசரம் கூடாது. முதல் வழி சில நிமிடங்களாவது சீராக இருந்த பின்னரே திரும்ப வேண்டும். இல்லையேல் ரௌட்டர் ஊஞ்சலைப்போல் இங்குமங்கும் ஆடும். அது இணைப்பே இல்லாததைவிடத் தொல்லை.

மூன்றாவது, முகவரி. பெரிய நிறுவனங்கள் தமக்கென ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, “எம்மை இவ்விரு வழிகளிலும் அடையலாம்” என உலகுக்கு அறிவிக்கின்றன. அதற்கான விதிமுறை 1989-இல் உருவாயிற்று. சிறு அலுவலகத்துக்கோ ஒவ்வொரு சேவை நிறுவனமும் தனித்தனி முகவரியைத் தருகிறது. வழி மாறினால் முகவரியும் மாறும். அப்போது நடந்துகொண்டிருக்கும் வங்கி வேலை பாதியில் அறுபடலாம். மறுபடி உள்ளே நுழைந்து, முன்னைய பணம் போயிற்றா என்று பார்த்த பின்னரே மீண்டும் அனுப்ப வேண்டும். ரௌட்டர் வழியைத்தான் மாற்றும். நம் கவனக்குறைவை மாற்றாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓர் இணைப்பு நூறு மணிக்கு ஒரு மணி பழுதாகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணி. எனவே ஏறத்தாழ 88 மணி நேரம் வேலை நிற்கும். அதே தரத்தில் இரண்டாவது இணைப்பும் இருந்து, இரண்டின் பழுதுகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்தால், இரண்டும் ஒருசேரப் பழுதாகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அதாவது ஆண்டுக்கு 53 நிமிடமே! 88 மணி எங்கே, 53 நிமிடம் எங்கே!

ஆனால் ‘தொடர்பில்லாமல்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இரு நிறுவனங்களின் கம்பிகளும் ஒரே மின்கம்பத்தில் தொங்கி, அந்தக் கம்பமே சாய்ந்தால் கணக்கு மீண்டும் 88 மணிக்குத் திரும்பிவிடும். ஏழு இணைப்புகள் ஒரே கேபிளில் சென்ற கதைதான். நிறுவனத்தின் பெயர் வேறாக இருப்பது போதாது. பாதை வேறாக இருக்க வேண்டும். கோகோஸ் தீவில் போல ஒன்று மண் வழியும் மற்றொன்று வான் வழியும் ஆனால் மிக நன்று. செல்பேசிக் கோபுரத்துக்குச் செல்லும் இழையும் அதே பள்ளத்தில் போகிறதா என்பதையும் கேட்டு அறியலாம். இரு பெட்டிகளும் ஒரே மின்செருகியில் மாட்டப்பட்டிருந்தால், மின்தடையின்போது இரண்டும் அணையும். ரௌட்டருக்கும் பெட்டிகளுக்கும் மின்கலத் துணை வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. முதல் வழி நன்றாக இருக்கும்வரை இரண்டாம் வழியை யாரும் நினைப்பதில்லை. கட்டணம் கட்டாமல் அது எப்போதோ செத்துப்போயிருக்கும். தேவைப்படும் அன்றுதான் தெரியவரும். எனவே மாதம் ஒருமுறை, கூட்டமில்லாத நேரத்தில், முதல் கம்பியை நீங்களே கழற்றிவிட்டுப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் திரை மீண்டும் உயிர்பெறுகிறதா என்று கவனியுங்கள். பின்பு செருகிவிட்டு, பழைய வழிக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். நடவாத பாதையில் முள் மண்டும் என்பது மலையடிவாரத்தில் வாழ்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் பள்ளியிலோ அலுவலகத்திலோ இரண்டு இணைப்புகள் இருக்கின்றனவா? நாளை வெளியே வந்து, அவை எந்தக் கம்பத்தின் வழியே வருகின்றன என்று அண்ணாந்து பாருங்கள். இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால், உங்களிடம் இருப்பது இரண்டு ரசீதுகள், வழி ஒன்றுதான். அதைத் திருத்திவிட்டால், மலையிலிருந்து இறங்கி வரும் அந்த முதியவர் அன்றே பணத்தோடு வீடு திரும்புவார்.