ஆறு வெடியில் எழும்பிய கப்பல்

மாதிரி என்றால் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்க என்றுதான் நினைப்போம். ‘ஹாட் ராட்’ பிறந்ததே வெடிவைத்துத் தூக்கியெறிவதற்காக.

1958-ல் கலிஃபோர்னியாவின் ஜெனரல் அட்டாமிக் நிறுவனம் ‘ஓரியன்’ என்ற விண்கப்பலில் இறங்கியது. மூல யோசனை கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாமுடையது. முன்னின்றவர் டெட் டெய்லர். லாஸ் அலாமோஸில் அணுகுண்டுகளை வடிவமைத்தவர். இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனும் வந்து சேர்ந்தார். கப்பலின் அடியில் கனத்த தகடு. அதற்குக் கீழே அணுகுண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு வெடிக்கவேண்டும். தகட்டில் விழும் அடியை ஷாக் அப்சார்பர்கள் வாங்கிக்கொள்ள, கப்பல் மேலே ஏறும். அவர்கள் கணக்குப் போட்ட ஒரு கப்பலின் எடை 4,000 டன். சந்திரன் அவர்களுக்குப் பக்கத்துத் தெரு. 1970-க்குள் சனி கிரகத்துக்கே போய்விடலாம் என்பது அவர்கள் பேச்சு.

காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து அடியில் வெடி வைத்த எந்தச் சிறுவனுக்கும் தெரியும்: எழும்புவது பெரிதில்லை, முழுசாக இறங்கவேண்டும். அதுவும் ஒரு வெடிக்கு அல்ல. அடுத்தடுத்த வெடிகளுக்கு, குடைசாயாமல்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் சான் டியேகோவின் பாயிண்ட் லோமா கடற்கரையோரத்தில் ஓரியன் குழுவின் பிரையன் டன்னும் வெடிமருந்து வல்லுநர் ஜெரி ஆஸ்டலும் வேலையைத் தொடங்கினார்கள். ஒரு மீட்டர் அகலக் கலம். அதுதான் ஹாட் ராட். அணுகுண்டுக்குப் பதில் சாதாரண வெடிமருந்து. தொடக்க முயற்சிகளில் சில பிழைக்கவில்லை. 1959 நவம்பர் 14 அன்று ஆறு வெடிகள் வரிசையாக வெடித்தன. கலம் படிப்படியாக, ஏறக்குறைய 56 மீட்டர் உயரம் போனது. பிறகு பாராசூட் விரிய, உடையாமல் தரைக்கு வந்தது. இந்தச் சோதனையின் படச்சுருளைப் பார்த்த பிறகு ராக்கெட் வல்லுநர் வெர்னர் ஃபான் பிரவுனே ஓரியன் பக்கம் சாய்ந்தார் என்பார்கள்.

ஓரியனுக்கு இன்னொரு மாதிரியும் உண்டு. அணு ஏவுகணைகள் நிரப்பிய விண் போர்க்கப்பலாக, ஒரு கார் அளவுக்குச் செய்து விமானப்படையினர் அதை அதிபர் கென்னடியிடம் காட்டினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்வதுண்டு. காட்டுவதற்கென்றே செய்த மாதிரி காரியத்தைக் கெடுத்தது என்றால் நம்பலாம்போலத்தான் இருக்கிறது. எப்படியோ, 1963-ல் வந்த ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுவெடிப்பைத் தடைசெய்தது. 1965-ல் ஓரியனை மூட்டை கட்டிவிட்டார்கள். ஹாட் ராட் இப்போது ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.